நானூறு பத்திரிகை, ஒரு வார்த்தை, மூன்று குறைவு

நட்சத்திரம் நாலு. ஐந்தாவதை ஏன் பிடித்துவைத்தேன் என்பது கணக்கு விஷயம், பின்னால் வருகிறது.

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டுகளில் ஒன்றில், பாதி ஏறி மூச்சு வாங்க நிற்போம் அல்லவா, அந்த இடத்தில்தான் இந்த அச்சகம். போர்டு உண்டு. பாசி பிடித்துப் பாதி எழுத்து போய்விட்டது. கீழே வர்க்கி சுடும் பேக்கரி இருக்கிறது. நெய் வாசனை வந்தால் இன்னும் பத்துப் படி என்று அர்த்தம்.

மகள் கல்யாணத்துக்கு நானூறு பத்திரிகை அடிக்க வேண்டும். கோயம்புத்தூரில் அடித்தால் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் குறையும், மலைக்கு மேலே கொண்டுவரும் செலவில் அது சரியாகிவிடும். போனிலேயே ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைக்கலாம் என்றான் என் அண்ணன் மகன். நான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் இருந்தவன். கையால் தொட்டுப் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் படி ஏறினேன்.

உள்ளே ஒரே அறை. மூலையில் காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்று, இப்போது பில் புக்குக்கு நம்பர் போடுவதற்கு மட்டும். கம்ப்யூட்டரில் மருமகள். கல்லாவில் மாமனார். இவர் அந்தக் காலத்தில் அச்சுக் கோத்த கம்பாசிட்டர், ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்தே கண் பழகியவர். புரூஃபைக் கையில் கொடுத்தால் கடைசி வரியிலிருந்து மேலே போகிறார். கேட்டால், "மேலேருந்து படிச்சா அர்த்தம் வந்துடுதுங்க, தப்பு தெரியாது" என்கிறார். ஸ்டோர்ஸில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ ஆடிட் சுலபமாக முடிந்திருக்கும்.

சிவகாசியிலிருந்து வரும் வெற்று அட்டைகள் ஆல்பமாக அடுக்கியிருக்கிறது. பிள்ளையார், தோரணம், மயில், மயிலுக்குள் பிள்ளையார். நாங்கள் எடுத்தது சாதாரணமான மெரூன், ஓரத்தில் தங்கக் கோடு. அட்டை 19 ரூபாய், கவரோடு. அச்சுக்கூலி இரண்டு பக்கமும் சேர்த்து நானூறுக்கு 3,200. மொத்தம் 10,800. பில் கேட்டதும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தைப் பெரியவரே பார்த்துக்கொண்டார். பெண்ணின் பெயரை எழுதுமுன் நிமிர்ந்து, "வீட்ல இன்னும் கல்யாணம் பாக்கி இருக்குங்களா?" என்று கேட்டார். எதற்கு இந்த விசாரணை என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் கல்யாணம் நடக்க வேண்டிய பிள்ளைகள் இருந்தால் 'திருவளர்செல்வி', இதுவே கடைசி என்றால் 'திருநிறைசெல்வி'. எங்களுக்கு ஒரே பெண், அதனால் திருநிறை. மாப்பிள்ளைக்குத் தம்பி இருக்கிறான், அதனால் அவர் திருவளர். இதுவரை எனக்கு வந்த நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் இந்த வித்தியாசத்தைக் கவனித்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபான்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 'விசுவாவசு வருடம்' என்பது வாயில் நுழையாத வேறு ஏதோ வருடமாகிவிட்டது. கீழிருந்து மேலே போன விரல் அங்கே டக்கென்று நின்றது.

வினை வந்தது இங்கிலீஷ் பக்கத்தில்.

மகளுக்கு பெங்களூரில் வேலை, கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒரு பக்கம் இங்கிலீஷ். மருமகள் எல்லாரும் போடுகிற மாதிரியே போட்டார்: இடது பக்கம் 'பிரைட்', கீழே என் மகள் பெயர், வலது பக்கம் 'குரூம்', கீழே மாப்பிள்ளை பெயர். புரூஃபை வாட்ஸப்பில் சம்பந்திக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன்.

"சம்பந்தி, எல்லாம் நல்லா இருக்குங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடலாங்களா?"

எந்த வார்த்தை என்றேன். சொன்னார். ஏன் என்றேன். "நேர்ல வரேங்க" என்று வைத்துவிட்டார்.

என் மனைவிக்கு உடனே வயிற்றைக் கலக்கிவிட்டது. கல்யாணத்தில் பிரச்சினை இப்படி ஏதாவது ஒற்றை வார்த்தையில்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்கு ஒரு கணிப்பு. சம்பந்தி ஊட்டிக்காரர், ஃபிங்கர்போஸ்ட் பக்கம் வீடு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஏற்றும் வியாபாரம். அதிகம் பேசாதவர். மறுநாள் காலை லோடு அனுப்பிவிட்டு, ஸ்வெட்டரில் மண்ணோடு நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டார். கல்லா முன்னால் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய அப்பா ஊட்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் சீசனுக்கு சீசன் வேலை பார்த்தவர். ஏப்ரல் வந்தால் கிண்டியிலிருந்து குதிரைகள் மலையேறி வரும், ஜூன் வரைக்கும் பந்தயம். அந்த மூன்று மாதமும் இவர் அப்பா குதிரையைத் தேய்த்து, சாணம் அள்ளி, விடிகாலைப் பனியில் மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவார். மீதி ஒன்பது மாதம் தோட்டக் கூலி. லாயத்துக்குள் போக அவருக்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். போட்டோ, நம்பர், அதன் கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. குரூம்.

"பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. விரலைச் சொடுக்கி, 'குரூம்'னு. நான் சோறு கொண்டு போறப்ப பாத்திருக்கேன். அந்தக் கார்டு இன்னும் பீரோவுல இருக்குங்க. அதே எழுத்த எம் பையன் பேருக்கு மேல எப்படிங்க போடுறது?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நாக்கு நுனி வரை வந்தது, நல்லவேளை நின்றுவிட்டது.

இந்தக் கடைக்கு நான் நட்சத்திரம் கொடுப்பது இதற்கடுத்து நடந்த அரை மணி நேரத்துக்காகத்தான். பெரியவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கல்லாவுக்கு அடியில் குனிந்து, அட்டை போன ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் சொல்லும் அகராதி. பழைய பேப்பர் கட்டு ஒன்றில் எடைக்கு வந்ததாம். முதல் சில பக்கங்களைப் பூச்சி தின்றுவிட்டது, 'பி' தப்பித்திருந்தது.

அவர் படித்து, மருமகள் போனில் பார்த்துச் சேர்த்து, எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் கல்யாண மாப்பிள்ளைக்கு 'ப்ருட்குமா' என்று பெயர். 'ப்ருட்' மணப்பெண். 'குமா' என்றால் ஆள், ஆண்பிள்ளை. லத்தீனில் மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ'வுக்கு உறவான சொல். ஆக மாப்பிள்ளை என்பவர் பெண்ணுடைய ஆள், அவ்வளவுதான். பெண்ணை வைத்துத்தான் அவருக்குப் பெயரே. (வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.)

சம்பந்தி முகம் கொஞ்சம் இளகியது. "குமான்னா நம்ம குமரனுங்களா?" என்றார்.

இல்லை. குமாவுக்கும் குமரனுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது, அவ்வளவே. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்த வார்த்தையின் முழுக் கதையும். இங்கிலாந்தில் 'குமா' என்ற சொல் காலப்போக்கில் வழக்கிலிருந்து போய்விட்டது. தனியாக யாரும் சொல்வதில்லை, ப்ருட்குமாவின் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அர்த்தம் தெரியாத வாலை மக்கள் எவ்வளவு நாள் சுமப்பார்கள்? 16ஆம் நூற்றாண்டில், பக்கத்தில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த, ஓசையில் நெருங்கிய 'குரூம்' என்ற சொல்லை அங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நற்செய்தியில் ப்ருட்குமா என்று இருக்கிறது, 1611ஆம் வருஷத்து பைபிளில் அதே இடத்தில் பிரைட்குரூம். வெறும் 'குரூம்' என்று வாலை மட்டும் சொல்வது பிரைட்குரூம் நிலைத்த பிறகு வந்த வழக்கம். ஜெர்மன்காரர்கள் இந்த வேலையைச் செய்யவில்லை. அவர்களுக்கு மாப்பிள்ளை இன்றைக்கும் 'ப்ராய்டிகம்', அந்த 'கம்' பழைய குமாவின் கூடப்பிறந்ததுதான்.

"அப்ப இது அச்சுப்பிழைங்களா?" என்றார் சம்பந்தி.

"நானூறு, ஐநூறு வருஷமா யாரும் புரூஃப் பாக்கலைங்க" என்றார் பெரியவர்.

நம் ஊரிலும் இதே கதைதான், கொஞ்சம் யோசித்தால். தோடர்களின் 'ஒத்தக்கல் மந்து' (மந்து என்றால் குடியிருப்பு) என்ற பெயர்தான், என்பார்கள், 1821இல் ஒரு வெள்ளைக்காரர் காதில் 'வோட்டோகிமண்ட்' என்று விழுந்தது, பிறகு ஊட்டகமண்ட் ஆனது. நாம் அதற்கு உதகமண்டலம் என்று சமஸ்கிருதச் சட்டை தைத்துப் போட்டோம். ஒத்தைக் கல் எங்கே, தண்ணீர் என்று அர்த்தமுள்ள உதகம் எங்கே? காதில் விழுந்ததைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டால்தான் நாக்குக்கு நிம்மதி.

சரி, இடையில் வந்து ஒட்டிய அந்த 'குரூம்' யார்? சுமார் எண்ணூறு வருஷத்துக்கு முன் அதற்கு அர்த்தம் வெறுமே பையன், சிறுவன். அப்புறம் ஏவல் செய்யும் பையன். அப்புறம் வேலைக்காரன். 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் லாயத்தில் வந்து நின்றது, குதிரையைப் பார்த்துக்கொள்பவன் என்று. நம் நாட்டில் சாயிஸ் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தும், பாஸில் அச்சடித்தவர்கள் இதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மருமகள் சும்மா இருந்திருக்கலாம். நல்ல மனசோடு, "அங்க ராஜா அரண்மனையில குரூம்ங்கறது பெரிய பதவியாம் அங்கிள். எட்டாம் ஹென்ரி காலத்துல..." என்று ஆரம்பித்து, போனில் மேலே படித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்னவென்று சம்பந்தி விடவில்லை. ராஜா மலம் கழிக்கப் போகும்போது கூடவே போய்ச் சேவகம் செய்பவருக்கு அந்தப் பதவியாம். நிஜமாகவே பெரிய செல்வாக்குள்ள பதவிதான், ராஜாவின் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யார் போக முடியும்? ஆனால் அந்த நேரத்தில் அந்த விளக்கம் யாருக்கு வேண்டும்? சம்பந்தி ஒரு நிமிஷம் மருமகளையே பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரித்து முடித்ததும் சொன்னார்: "எல்லாம் சரிங்க. ஆனா எடுத்துடுங்க. புஸ்தகத்துல அர்த்தம் மாறுனா மாறட்டும், எங்கப்பா கார்டுல மாறாது."

பெரியவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. 'குரூம்' மட்டும் போனால் 'பிரைட்' ஒற்றையாக நிற்கும் என்று இரண்டையும் அடித்தார். தமிழ் பைபிளில் மணவாளன் என்று அழகான சொல் இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்தில் அதையே போடலாமா என்று ஒரு யோசனையும் சொன்னார். சர்ச் பத்திரிகைகள் நிறைய அடிப்பவர். பெங்களூர்க்காரர்கள் அதை மாப்பிள்ளையின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நான் தடுத்துவிட்டேன். கடைசியில் இரண்டு பெயர்கள், கீழே அவரவர் பெற்றோர் பெயர், அவ்வளவுதான். யார் பெண், யார் மாப்பிள்ளை என்று அதிலேயே தெரிகிறது. தெரியாதவர்கள் மண்டபத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது சம்பந்தி திரும்பி வந்து, தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க இடம் இருக்குமா என்று கேட்டார். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் அதுவரை பத்திரிகையில் இல்லை. என் பக்கத்தில் என் அப்பாவை 'ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, தன் அப்பாவுக்குப் போட ஒன்றுமில்லை என்று விட்டிருக்கிறார் போல. இப்போது சேர்த்தோம்: தெய்வத்திரு, அவர் பெயர், அதை அடுத்து 'ஊட்டி ரேஸ் கோர்ஸ்', அப்புறம் 'அவர்களின் பேரனும்'. ரேஸ் கோர்ஸையே 2024இல் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. குதிரைகளும் இல்லை, பாஸும் இல்லை. எங்கள் பத்திரிகையில் அந்தப் பெயர் இருக்கிறது. இந்த மாற்றத்துக்குக் கூடுதல் காசு வாங்கவில்லை.

அந்த அகராதியை அன்று நான் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. சம்பந்தி போன பிறகும் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலில் உள்ள மற்ற வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னேன். தாம்பூலப் பைக்கும் தட்டு லேபிளுக்கும் சேர்த்து 'பிரைடல் செட்' என்று ஒன்று விற்கிறார்கள். 'பிரைடல்' என்பது முதலில் மணப்பெண் சம்பந்தப்பட்டது என்ற அர்த்தத்தில் இல்லை. 'பிரைட்' கூட 'ஏல்' என்ற ஒரு வகை பீர் சேர்ந்த சொல், அதாவது கல்யாணத்துக்குக் காய்ச்சிய சரக்கோடு நடக்கும் விருந்து. மஞ்சள் குங்குமப் பாக்கெட் மேல் நாம் அந்தப் பெயரை ஒட்டி விற்கிறோம். திருமண பந்தத்தைக் குறிக்கும் 'வெட்லாக்' என்பதில் இருக்கும் 'லாக்' பூட்டு இல்லை, அது பழைய காலத்து ஒரு விகுதி. பூட்டு என்று நினைத்துத்தான் நான் இத்தனை நாள் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்தது 'வெட்டிங்'. அதன் வேர் 'வெட்', அர்த்தம் பணயம், ஈடு வைத்துக் கொடுக்கும் வாக்கு. சம்பளத்தைக் குறிக்கும் 'வேஜ்', நிச்சயத்தைக் குறிக்கும் 'எங்கேஜ்மென்ட்', இரண்டும் அதே குடும்பத்து வேரிலிருந்து பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தவை. ஆக அவர்களுடைய 'வெட்டிங்' ஆரம்பத்தில் நம்முடைய நிச்சயதாம்பூலத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. தட்டு மாற்றிக்கொண்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பத்திரிகை அடிக்கும் கடையில் இவ்வளவு நேரம் உட்காரவைத்து, இஞ்சி டீ வேறு கொடுத்தார்கள்.

இனி குறைகள்.

அச்சு ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை இழுத்து, காயவைத்து, அடுத்தது. ஆடி மாத மூடுபனியில் இந்த மலையில் துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாது, மை எப்படிக் காயும்? மரத் தட்டுகளில் அட்டைகளைப் பரப்பி மேலே குண்டு பல்பு கட்டிக் காயவைக்கிறார்கள். சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதம். அது அவர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலிலேயே நாலு நாள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது எங்கள் வீட்டுத் தப்பு. ஆடியில் கல்யாணப் பத்திரிகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் அம்மா. அதனால் அடித்து முடித்த பத்திரிகைகள் ஆவணி ஒன்றாம் தேதி வரைக்கும் கடையிலேயே இருந்தன. ஆவணி ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. விடுமுறை நாள்தான், எங்களுக்காகத் திறந்து கொடுத்தார்கள். வீட்டில் சாமி முன் வைத்து, மூலைகளில் மஞ்சள் தடவும்போதுதான் பார்த்தேன், மேல் கட்டில் இருபது அட்டைகள் ஈரம் குடித்து ஓரம் சுருண்டிருந்தன. கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்ததும் சரியாகிவிட்டன. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது.

கணக்குக்கு வருகிறேன். நானூறு சொன்னோம். எண்ணினேன், 397. திரும்ப எண்ணினேன், என் மனைவியை விட்டு எண்ணச் சொன்னேன், 397. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை, அந்தக் கடையில் போன் ஒரு அலங்காரப் பொருள். திங்கட்கிழமை மறுபடி படி ஏறினேன். மூன்று அட்டைகள் மை கசிந்து வீணாகிவிட்டன, சொல்ல மறந்துவிட்டோம் என்று 81 ரூபாயை மேஜை மேல் வைத்தார் பெரியவர். ஒன்றுக்கு 27, பைசா சுத்தமான கணக்கு. ஆனாலும் குறைந்த சரக்கைக் குறைந்தது என்று டெலிவரியின்போதே சொல்ல வேண்டும். ஐந்தாவது நட்சத்திரம் போனது அங்கேதான்.

அந்த 'குரூம்' போட்ட முதல் புரூஃப் காகிதத்தைச் சம்பந்தி மடித்து எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்குமுன் மருமகள் வர மாட்டார். ஜிபே உண்டு, ஆனால் சிக்னல் வாசலில்தான் கிடைக்கும். தமிழ்ப் பக்கத்தை எழுதிக்கொண்டு போக வேண்டாம், பெரியவரிடம் விட்டுவிடுங்கள். இங்கிலீஷ் பக்கத்தை மட்டும் சம்பந்தி வீட்டில் காட்டிவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் படி வழுக்கும், ஏறும்போது இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது பக்கக் கம்பி ஆடுகிறது.